யானைக்காகப் பாரசீகன் ஆனேன்

கும்பகோணத்தில் எங்கள் தெருமுனையில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. மணிக்கு 20 ரூபாய். 2002 கோடை விடுமுறையில் நானும் அத்தை பையனும் கடைக்குப் போகக் கொடுத்த காசில் மிச்சம் பிடித்து, அடுத்தடுத்த கணினிகளில் உட்கார்ந்து, ஊர் கட்டிப் படை திரட்டி மோதும் இடைக்காலப் போர் ஆட்டமான ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 ஆடுவோம். ஆட்டம் தொடங்கும் முன் ஒரு பட்டியல் வரும். பிரிட்டன்கள், பைசாந்தியர்கள், கெல்ட்கள், சீனர்கள், பிராங்குகள், கோத்கள், ஜப்பானியர்கள், மங்கோலியர்கள், பாரசீகர்கள், சாரசன்கள், டியூட்டன்கள், துருக்கியர்கள், வைக்கிங்குகள். மொத்தம் 13 பேர். இதில் நீ யார் என்று கேட்கும். முதல் நாள் அந்தப் பட்டியலை மேலிருந்து கீழே இரண்டு தடவை தேடினோம். நம்மாள் யாரும் இல்லை.

அத்தை பையன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அம்பு தூரமாகப் போகிறது என்று பிரிட்டனைப் பிடித்துக்கொண்டான். நான் ஒவ்வொருவராக ஆடிப் பார்த்துவிட்டுக் கடைசியில் பாரசீகரிடம் போய்ச் சேர்ந்தேன். அவர்களிடம் மட்டும்தான் யானை இருந்தது. அசைந்து அசைந்து நடக்கும். எதிரி கோட்டையை அடைவதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். ஆனால் போய்ச் சேர்ந்துவிட்டால் இடித்துத் தள்ளிவிடும். சேர்ந்தால்தானே? பாதி வழியில் அத்தை பையன் ஒரு பாதிரியாரை அனுப்புவான். அவர் கையைத் தூக்கி ஏதோ முணுமுணுக்க, நான் அரை மணி நேரம் உணவும் தங்கமும் சேர்த்து வாங்கிய யானை நிறம் மாறி அவன் பக்கம் போய்விடும். “உன் யானை ஞானஸ்நானம் வாங்கிருச்சுடா” என்பான்.

தாராசுரம் அங்கிருந்து சைக்கிளில் போகும் தூரம்தான். கோயில் சுவரெல்லாம் கல் யானை நிற்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு, ஒரு யானைக்காக நான் பாரசீகனாகிக் கிடந்தேன்.

யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்று இந்த ஆட்டங்களைச் செய்பவர்கள் எப்படித்தான் முடிவு செய்கிறார்கள்? அந்தக் கோடையில் தொற்றிய கேள்வி இன்னும் விடவில்லை. அப்போது நான் நினைத்தது, அவர்களுக்கு நம் வரலாறு தெரியவில்லை, அல்லது நம்மைப் பிடிக்கவில்லை. இரண்டும் இல்லை என்று பிற்பாடு புரிந்தது.

இந்த ஆட்டத்தைச் செய்தது அமெரிக்காவில் டல்லாஸ் நகரத்து என்செம்பிள் ஸ்டுடியோஸ். அதில் முக்கியமான ஆள் புரூஸ் ஷெல்லி. ஒரு நாட்டை வளர்த்தெடுக்கும் வரலாற்று ஆட்டமான சிவிலைசேஷன் 1991இல் முதலில் வந்தபோது, அதை உருவாக்கிய சிட் மெயரோடு சேர்ந்து வேலை செய்தவர். (அந்த ஆட்டத்தில் இந்தியா இருந்தது, தலைவர் காந்தி. பிழை ஒன்றால் காந்தி அணுகுண்டாகப் போட்டுத் தள்ளுவார் என்று உலகமெல்லாம் ஒரு கதை உண்டு. அப்படி ஒரு பிழையே இருக்கவில்லை என்று 2020இல் சிட் மெயரே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகும் கதை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.) ஷெல்லியின் கொள்கை எளிமையானது: வரலாற்று ஆட்டம் செய்வதற்கு ஆழமான ஆராய்ச்சி வேண்டாம், நூலகத்தில் குழந்தைகள் பகுதிக்குப் போனால் போதும். ஆடுபவருக்கு ஏற்கெனவே என்ன தெரியுமோ அதைத்தான் ஆட்டம் கையில் கொடுக்க வேண்டும். வைக்கிங் என்றால் கப்பல், ஜப்பான் என்றால் சாமுராய், மங்கோலியர் என்றால் குதிரைமேல் வில். பெயரைக் கேட்டதும் மனதில் படம் விழ வேண்டும்.

இதைப் படித்ததும் எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. டல்லாஸ் நூலகத்துக் குழந்தைகள் அலமாரியில் ராஜேந்திர சோழன் எப்படி இருப்பான்? நம் ஊர் நூலகத்திலேயே அவனைத் தேடித்தான் எடுக்க வேண்டும்.

பெயர் தெரிந்தால் மட்டும் போதாது. இந்த ஆட்டத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே படை, ஒரே கட்டடம், ஒரே தொழில்நுட்பப் பட்டியல்தான். அதிலிருந்து ஒவ்வொருவருக்கும் சிலவற்றைப் பிடுங்கிக்கொள்வார்கள். கோத்களுக்குக் கல் மதில் கிடையாது. பிற்பாடு வந்து சேர்ந்த மெக்சிகோ ஆஸ்டெக்குகளுக்குக் குதிரை லாயமே கிடையாது, ஏனென்றால் ஸ்பானியர் வரும்வரை அந்த மண்ணில் குதிரை இல்லை. ஹூணர்கள் வீடே கட்டத் தேவையில்லை. மிஞ்சியதன் மேல் ஒரு தனிப் படைவீரன், இரண்டு மூன்று சலுகை. கொடுத்ததைவிடப் பிடுங்கியதில்தான் ஆளின் குணம் தெரியும். அதனால் ஒரு நாட்டைச் சேர்க்கலாமா என்ற கேள்வி, அதற்கு எதை இல்லை என்று சொல்லலாம் என்ற கேள்வியாகவும் ஆகிவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரரைப் போலவே இருப்பவருக்கு எவ்வளவு பெரிய வரலாறு இருந்தாலும் இங்கே இடம் கிடைப்பது கஷ்டம்.

அப்புறம் காசு. ஆட்டத்தோடு சேர்த்து ஆட 2000இல் வந்த தி காங்கரர்ஸ் என்ற கூடுதல் தொகுப்பில், அதாவது விரிவாக்கத்தில், ஆஸ்டெக், மாயா, ஹூணர், ஸ்பானியர் என்று நால்வரும் ஒரு கதையில் பொருந்துவார்கள். பெயரிலேயே இருக்கிறது, வென்றவர்கள் கதை. ஐந்தாவதாகக் கொரியர் எங்கிருந்து வந்தார்கள்? அப்போது தென்கொரியாவில் ஸ்டார்கிராஃப்ட் என்ற இன்னொரு கணினி ஆட்டத்தின் வெறி உச்சத்தில் இருந்தது. அந்தச் சந்தைக்காக வேலை முடியும் நேரத்தில் கொரியர்களை உள்ளே இழுத்தார்கள். இதை அந்த ஆட்டத்தில் வேலை செய்தவர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். கொரியரின் ஆமைக் கப்பல் அருமையான ஆயுதம், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்தக் காலத்தில் இந்தியாவில் நாங்கள் ஆடியது முழுக்கத் திருட்டு சிடியில். எங்களுக்காக யார் யாரை உள்ளே இழுப்பார்கள்?

இதே ஆட்டத்துக்கு 2025 மே மாதம் வந்த விரிவாக்கம் இன்னும் வேடிக்கை. கித்தான், ஜுர்ச்சென் என்று சீனாவுக்கு வடக்கே இருந்த இரண்டு மக்களோடு வெய், ஷு, வூ என்ற மூன்று சீன அரசுகள். மூன்றும் 3ஆம் நூற்றாண்டில் ஒன்றோடொன்று மோதி முடிந்துபோனவை. இடைக்கால ஆட்டத்துக்குள் அவற்றுக்கு என்ன வேலை என்று பழைய ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். ஏற்கெனவே சீனர்கள் தனியாக இருக்கிறார்கள். சீனாவில் இந்த மூன்று அரசுகளின் கதை எவ்வளவு பிரபலம் என்று தெரிந்தவர்களுக்கு விடையும் தெரியும். ரசிகர்கள் நெடுநாளாகக் கேட்ட திபெத் வரவில்லை. 763இல் திபெத்தியர்கள் தாங் அரசின் தலைநகரான சாங்கானையே பிடித்தவர்கள். தகுதி என்று பார்த்தால் என்ன குறை? 2004இல் ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் என்ற ஸ்வீடன் நாட்டு ஆட்டத்தில் திபெத்தைத் தனி நாடாகக் காட்டியதற்காக அந்த ஆட்டத்தையே சீனா தடை செய்தது. அதை இந்தத் துறையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள் என்பது என் கணிப்பு.

சரி, நம் கதைக்கு வருவோம். இந்தியர்கள் இந்த ஆட்டத்துக்குள் வந்ததே ரசிகர்கள் தயவில்தான். மைக்ரோசாஃப்ட் கைவிட்டிருந்த ஆட்டத்துக்கு ரசிகர்கள் சிலர் சேர்ந்து தாங்களாகவே ஒரு விரிவாக்கம் செய்து 2012 கடைசியில் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே அது அதிகாரபூர்வமாகிவிட்டது. அதில் “இந்தியர்கள்” என்று ஒரே பெயர். காபூலுக்கும் கன்னியாகுமரிக்கும் சேர்த்து ஒரு சட்டை. பலம், ஒட்டகம். நானும் ஆசையாக வாங்கி, காவிரிக் கரையில் பிறந்தவன், ஒட்டகம் மேய்த்தேன்.

2022 ஏப்ரலில் அந்தச் சட்டையைக் கிழித்து நான்காகத் தைத்தார்கள். பழைய இந்தியர்கள் இந்துஸ்தானியர் ஆனார்கள். புதிதாகக் கூர்ஜரர், வங்காளியர், திராவிடர். திராவிடருக்குத் தனிக் கதைத்தொடர், நாயகன் ராஜேந்திர சோழன். முதல் தடவை ஒரு விவசாயியைக் கிளிக் செய்ததும் அவன் தமிழில் பதில் சொன்னான். இருபது வருடம் கழித்து! அன்றைக்கு அத்தை பையனுக்கு, இப்போது அவன் இருப்பது ஷார்ஜாவில், அந்தக் குரலைப் பதிவு செய்து வாட்ஸப்பில் அனுப்பினேன். “பாதிரியார் ரெடியா இருக்காரு” என்று பதில் வந்தது.

சந்தோஷம் ஒரு வாரம் தாங்கியது. பிறகு பெயர் உறுத்த ஆரம்பித்தது. நம் ஊரில் திராவிடர் என்ற சொல்லைச் சும்மா உச்சரிக்க முடியுமா? பேசுபவர் எந்தக் கட்சி என்று மனம் கணக்குப் போடும். அதைக்கூட விடுங்கள். பழைய சொல்தான் என்றாலும், தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் எல்லாவற்றையும் ஒரு குடும்பமாக்கி அதற்கு இந்தப் பெயரை நிலைநிறுத்தியது 1856இல் கால்டுவெல். அது மொழிகளின் பெயர். “நாங்கள் திராவிடர்” என்று சொல்லிக்கொண்டு 11ஆம் நூற்றாண்டில் யாரும் வாள் தூக்கவில்லை.

கொப்பம் போரை எடுத்துக்கொள்ளுங்கள். 1054. சோழன் ராஜாதிராஜனும் கல்யாணிச் சாளுக்கியன் சோமேசுவரனும் மோதுகிறார்கள். ராஜாதிராஜன் யானைமேலேயே செத்துப்போனான். “யானைமேல் துஞ்சிய தேவர்” என்று கல்வெட்டு சொல்வது அவனைத்தான். தம்பி இரண்டாம் ராஜேந்திரன் உடைந்த படையைத் திரட்டி, வென்று, போர்க்களத்திலேயே முடிசூடிக்கொண்டான். தென்னிந்திய வரலாற்றில் இதைவிட நாடகமான நாள் குறைவு. இந்த ஆட்டத்தில் அதை எப்படி ஆடுவது? திராவிடர் எதிர் திராவிடர். இரண்டு பக்கமும் அதே படை, அதே சலுகை, நிறம் மட்டும் வேறு. பெங்களூரில் என் பக்கத்து இருக்கைக்காரர் கர்நாடகத்துத் தார்வாடக்காரர். “எங்க சாளுக்கியன் உங்க ஆளோட வேஷத்துல வர்றான் சார்” என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் இடத்தில் நான் இருந்தால் சிரித்திருப்பேனா தெரியாது.

இதற்கு நல்ல மாற்று என்ன? தமிழர் என்று வைத்தால் கன்னடருக்கும் தெலுங்கருக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும், செலவு. சோழர் என்று வைத்தால் அது அரச வம்சம், மக்கள் அல்ல. 2025இல் வந்த சிவிலைசேஷன் 7 அந்த வழியில்தான் போயிருக்கிறது. அதில் காலம் மாறும்போது நாடும் மாறும்: முதலில் மௌரியர், நடுவில் சோழர், கடைசியில் முகலாயர் என்று ஒரே ஆட்டத்தில் போகலாம். பாட்னாவில் பிறந்து தஞ்சாவூரில் வளர்ந்து ஆக்ராவில் ரிட்டயர் ஆகிற மாதிரி. எனக்கு ஒட்டவில்லை. ஆனால் “சோழர்” என்ற பெயர் அந்தத் திரையில் தனியாக நிற்பதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். இப்படி மாட்டிக்கொண்டது நாம் மட்டுமல்ல. சாரசன் என்பது ஐரோப்பியர் வைத்த பெயர், எந்த அரபியும் தன்னை அப்படி அழைத்துக்கொண்டதில்லை. 

திராவிடருக்குக் கொடுத்த தனிப் படைவீரன் பெயரைப் பார்த்ததும் எனக்குக் குழப்பம். உறுமி வீரன். தஞ்சாவூர்ப் பக்கம் உறுமி என்றால் மேளம். ஒரு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்த்தால் மாடு உறுமுவது போல வரும். மேளக்காரரைப் போருக்கு அனுப்புகிறார்களா என்று நினைத்துவிட்டேன். இது கேரளத்துக் களரியில் சுழற்றும் வளையும் வாள். நம் பக்கம் சுருள்வாள் என்பார்கள். காட்சிக்கு அபாரம். ஆனால் தோளோடு தோள் நிற்கும் படை வரிசையில் ஒருவன் அதைச் சுழற்றினால் முதலில் விழுவது பக்கத்தில் நிற்பவன் காது. கப்பலுக்கு வைத்த பெயர் திரிசடை. எனக்குத் தெரிந்த திரிசடை அசோகவனத்தில் சீதைக்குத் துணை இருந்த வீடணன் மகள். அவளைப் போர்க்கப்பலாகப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கணம் தயங்கித்தான் கிளிக் செய்கிறேன்.

குறை சொல்லிக்கொண்டே போகிறேன், ஒன்றைப் பாராட்டியாக வேண்டும். திராவிடரிடமிருந்து அவர்கள் பிடுங்கியது குதிரையை. கனமான குதிரைவீரன் கிடையாது. இருப்பது சோனிக் குதிரை. பல பேர் இதற்காகத் திட்டினார்கள். ஆனால் எவ்வளவு சரியான பிடுங்கல்! தமிழ்நாட்டு வெப்பத்தில் நல்ல குதிரை வளராது. காவிரிப்பூம்பட்டினத்துக் கடைத்தெருவில் கிடந்த பொருள்களைச் சொல்லும் சங்கப் பாட்டிலேயே குதிரை “நீரின் வந்த” சரக்குத்தான். இறக்குமதி. அதற்கு ஈடாகக் கொடுத்தது உருக்கு. எதிரியின் கவசத்தைக் கணக்கிலேயே எடுக்காமல் வெட்டும் வாள். ஐரோப்பியர் வாயில் வூட்ஸ் என்று சிதைந்த நம் எஃகு. இந்த இரண்டையும் முடிவு செய்தவர் நிச்சயம் குழந்தைகள் பகுதியைத் தாண்டிப் போயிருக்கிறார்.

பட்டியலில் இடம் கிடைப்பதையே எல்லோரும் மரியாதை என்று நினைப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிவிலைசேஷன் 5க்கு அமெரிக்கப் பூர்வகுடிகளான பியூப்லோ மக்களைச் சேர்க்க நினைத்தார்கள். 1680இல் ஸ்பானியரை விரட்டிய போப்பே என்பவரைத் தலைவராகக் காட்டத் திட்டம். அந்த மக்களின் மன்றத்தில் கேட்டபோது சம்மதம் கிடைக்கவில்லை. கைவிட்டு, 2013இல் இன்னொரு பூர்வகுடியான ஷோஷோனிகளைச் சேர்த்தார்கள். 2018இல் சிவிலைசேஷன் 6இல் கனடாப் பூர்வகுடிகளான கிரீ மக்களைச் சேர்த்தபோது அவர்களுடைய தலைவர் ஒருவரே வெளிப்படையாக வருத்தப்பட்டார்: ஊரைப் பிடிப்பதும் பெருக்குவதும் வெள்ளைக்காரனின் கனவு, அதை எங்களுக்கும் இருந்ததாகக் காட்டுகிறீர்களே என்று. இதைப் படித்தபோது என்னிடம் யாராவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்தேன். நான் மலாய் நாட்டுக் கடாரம் வரை போய்ப் பிடித்த ராஜேந்திரனைத்தான் வேண்டும் என்று கேட்டிருப்பேன். கடாரத்துக்காரன் அதே ஆட்டத்தில் மலாய் என்ற பெயரில் உட்கார்ந்திருக்கிறான், அவனும் கேட்டிருப்பான்.

இதையெல்லாம் இப்போது எழுத வைத்தவன் என் அக்கா பையன். ஏழாம் வகுப்பு. போன மாதம் ஒரு கிராஃப் நோட்டை நீட்டினான். அட்டையில் “ராஜ்யம்”. சொந்தமாக ஒரு காகித ஆட்டம் செய்கிறானாம். நான்கு பேர் ஆடலாம், அதனால் நான்கே அரசுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பலம், ஒரு பலவீனம். “மாமா, மூணு ஈஸி. சேர சோழ பாண்டியர். நாலாவது யாரு?”

மூன்றும் ஈஸி இல்லை என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. சோழருக்கு யானை, கோயில், கப்பல் என்று எழுதினான். பாண்டியருக்கு யானை, கோயில், கப்பல். சேரருக்கு எழுதுவதற்குள் பேனாவை வைத்துவிட்டான். “கொடி மட்டும்தான் மாமா வேற.” அக்கா வீட்டுக்காரர் மதுரைக்காரர், பேப்பருக்குப் பின்னாலிருந்து, “பாண்டியனுக்கு முத்துடா, கொற்கை முத்து” என்றார். சரி, முத்து. சேரருக்கு மிளகு. சோழருக்கு நான் வீராணம் ஏரியைச் சொன்னேன். மழை வராத சுற்றிலும் விளைச்சல் குறையாது. பாண்டியருக்குப் பலவீனம் வேண்டும். மார்க்கோ போலோ எழுதியதைச் சொன்னேன்: பாண்டி நாட்டு ராஜா ஆண்டுக்கு 2,000க்கு மேல் குதிரை கப்பலில் வாங்குவான், பராமரிக்கத் தெரிந்த ஆளில்லாமல் வருடக் கடைசியில் 100 கூட மிஞ்சாது. பையன் கண்ணில் வெளிச்சம். “பாண்டியர் குதிரை வாங்கலாம். ஆனா ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு குதிரை செத்துடும்” என்று எழுதினான். அப்பா பேப்பரை மடித்துவிட்டு, “எங்க ஊருக்கு மட்டும் ஏண்டா இப்படி?” என்று கேட்டார்.

நாலாவது இடத்துக்கு நான் பல்லவரைச் சொன்னேன். மாமல்லபுரம் எல்லோருக்கும் தெரியும், பெயரைக் கேட்டதும் படம் விழும். அக்கா விஜயநகரம் என்றாள். காலம் பொருந்தாது என்றேன். தார்வாடத்து நண்பரை நினைத்து, சாளுக்கியர் என்றும் சொல்லிப் பார்த்தேன். பையன் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. பள்ளிப் புத்தகத்தைக் கொண்டுவந்து ஒரு பத்தியைக் காட்டினான். “இவங்க யாரு மாமா? இவங்களப் பத்தி ஒண்ணுமே போடல.”

களப்பிரர். மூவேந்தரையும் மூலையில் உட்காரவைத்தவர்கள். எங்கிருந்து வந்தார்கள், என்ன பேசினார்கள், எப்படி ஆண்டார்கள், ஒன்றும் தெளிவில்லை. அவர்கள் பிடுங்கிய நிலத்தைத் திருப்பிக் கொடுத்ததைச் சொல்லும் வேள்விக்குடிச் செப்பேடுகூட அவர்களைத் துரத்திய பாண்டியர் வம்சத்தினுடையது. இவர்களுக்கு என்ன படம், என்ன பலம்? எதை எழுதப் போகிறாய் என்று கேட்டேன்.

நோட்டை வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தான். நாலாவது கட்டத்தில் எழுதிவிட்டுத் திருப்பிக் காட்டினான்.

களப்பிரர். பலம்: இவர்கள் காய் வரைபடத்தில் யார் கண்ணுக்கும் தெரியாது. பலவீனம்: ஜெயித்தாலும் பெயர் எழுதக் கூடாது.